துடுப்புக்கு எந்த ஊர்

மிங்குஸின் முதல் அடி என் வாயில் விழுந்தபோது திரையில் படகுகள் திரும்பிக்கொண்டிருந்தன. நாற்காலியோடு பின்னால் சரிந்தேன். பின்மண்டை ஹீட்டரின் இரும்பில் மோதியது. எழுவதற்குள் அவன் என் மார்பில் ஏறி உட்கார்ந்துவிட்டான். கூரைக்கு ஓடு போடுகிறவனின் கை. சின்னதுதான், ஆனால் செங்கல் மாதிரி இறங்கியது. இரண்டாவது அடியில் ஏதோ நாக்கின் மேல் வந்து கிடந்தது. அது என் பல் என்று புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"டேய், கேம்டா அது" என்று ஸ்யூர்ட் அவன் இடுப்பைப் பிடித்து இழுத்தான். மிங்குஸ் திரும்பிப் பார்க்காமலே முழங்கையைப் பின்னால் வீசினான். ஸ்யூர்டின் மூக்கு உடைந்த சத்தம் தனியாகக் கேட்டது.

நடந்ததை வரிசையாக வைத்துப் பார்க்கிறேன். வரிசை சரிதானா என்ற சந்தேகம் ஒவ்வொரு முறையும் வருகிறது.

சனிக்கிழமை மதியம், எங்கள் வீட்டு முன்னறை. அம்மாவும் அப்பாவும் தேவாலயத்தில் பாட்டுப் பயிற்சிக்குப் போயிருந்தார்கள். மேசையில் மூன்று கணினிகள், மூன்றிலும் ஒரே கடல் வணிக விளையாட்டு. நான் ஹாலந்து. பால்பண்ணைக்காரர் மகனான ஸ்யூர்ட் போர்ச்சுகல். மிங்குஸ் வழக்கம்போல கிராம்புத் தீவின் ராஜா. அந்தத் தீவுகளில் இருந்துதான் எங்கள் தாத்தாக்கள் கப்பலேறி குளிரடிக்கும் இந்த ஹாலந்துக்கு வந்தார்கள். மிங்குஸின் ஊர் ஹத்துமேத்தி, என் ஊர் வாய்சிலா. இரண்டையும் நாங்கள் பார்த்ததில்லை. ஆனால் விளையாட்டின் வரைபடத்தில் இரண்டுமே இருந்தன, கடுகளவு புள்ளிகளாக.

அந்த இரண்டு ஊர்த் தலைவர்களும் ஒரு காலத்தில் விரலைக் கீறி, ஒரே கோப்பையில் கள்ளோடு ரத்தம் கலந்து குடித்தவர்கள். அந்த உறவுக்குப் பேலா என்று பெயர். பேலா கேட்டால் இல்லையென்று சொல்லக்கூடாது. எங்கள் தெருவில் இதை யாரும் சொல்லித்தருவதில்லை, எல்லோருக்கும் தெரியும். அதனால்தான் மிங்குஸ் எங்கள் வீட்டு ஃபிரிட்ஜை யாரையும் கேட்காமல் திறப்பான். அன்றும் திறந்தான். மிளகாய்ச் சம்பல் தடவிய கானாங்கெளுத்தியை நின்றபடியே பிய்த்துத் தின்றான்.

"உங்க வீட்டு மீனு சப்புன்னு இருக்கு."

"சப்புன்னு இருந்தா வச்சுட்டு வா."

"பேலாகிட்ட வச்சுட்டு வான்னு சொல்லக்கூடாது. குடும்பம் வெளங்காது."

"ராஜா, இன்னொரு கப்பல் கிராம்பு அனுப்புங்க" என்றான் ஸ்யூர்ட். "என் ஜனங்க பல்வலியில சாகுறாங்க."

"அனுப்புறேன். அந்த ஹாலந்துக்காரன் கண்ணுல படாம வாங்கிக்கோ."

என் கண்ணில் பட்டது. அவர்கள் கள்ளத்தனமாக விற்க விற்க, என் கிடங்குகளில் கிராம்பின் விலை சரிந்தது. நான் பகலில் டைல்ஸ் கிடங்கில் வேலை செய்கிறேன், மாலையில் வணிகக் கணக்கு படிக்கிறேன். விலை சரிவதைப் பார்த்துக்கொண்டு என்னால் சும்மா இருக்க முடியாது. விளையாட்டு மூன்று வழி காட்டியது: வரி, தடை, வெட்டு. வரியும் தடையும் போட்டுப் பார்த்தாகிவிட்டது. அடுத்ததன் மேல் அம்புக்குறியை வைத்தேன்.

மிங்குஸ் என் தோளுக்குப் பின்னால் நின்று விரலைச் சூப்பிக்கொண்டிருந்தான். "மரத்த மட்டும் வெட்டாதடா யோப்பு" என்றான். அப்புறம், "கேக்குறேன்."

அந்தச் சொல்லை அவன் ராஜாவாகச் சொன்னானா, பேலாவாகச் சொன்னானா? குரலில் சிரிப்பு இருந்த மாதிரிதான் நினைவு.

"ராஜா கெஞ்சக்கூடாது" என்றேன். ஸ்யூர்ட் சிரித்தான்.

அழுத்தியதும் விளையாட்டு கேட்டது: துடுப்புக்கு எந்த ஊர்? போருக்குப் போகும் படகுகளை அக்கம்பக்கத்துத் தீவுக்காரர்களே வலிக்க வேண்டும். பட்டியலில் ஒவ்வொரு ஊருக்கும் நேராகக் கலக வாய்ப்பு போட்டிருந்தது. ஒப்பிட்டுப் பார்த்தேன். வாய்சிலாவுக்குத்தான் குறைவு. சொன்னபடி கேட்கும் ஊர்.

பறை ஒலித்தது. படகுகள் போயின. பெட்டி ஒன்று திறந்தது: வாய்சிலா ஊரார் ஹத்துமேத்தியில் இறங்கினர். மரங்கள் வெட்டப்பட்டன. மறித்தவர்கள் கொல்லப்பட்டனர். வீடுகள் எரிந்தன. மக்கள்தொகை பூஜ்யம். கிராம்பு விலை இரு மடங்கு.

"போச்சுடா, ஒருத்தனைக்கூட விடல" என்று மிங்குஸ் முதலில் சிரிக்கத்தான் செய்தான். பிறகு குனிந்து மறுபடியும் படித்தான்.

"துடுப்பு போட்டது யாரு?"

"லிஸ்ட்ல இருந்துச்சுடா. பக்கத்து ஊரு வேற."

"யாருன்னு கேட்டேன்."

"எங்க ஊரு."

அடி அப்போதுதான் விழுந்தது.

நானும் சும்மா இருக்கவில்லை. கைக்கு எட்டிய கீபோர்டை இழுத்து அவன் முகத்தில் அறைந்தேன். புருவம் கிழிந்தது. அவன் ரத்தம் என் கண்ணுக்குள் சொட்டியது, என் ரத்தம் தொண்டைக்குள் இறங்கியது. மறுபடி அறைந்தேன். விசைகள் தெறித்து ஓடின. அவன் என் கழுத்தைப் பிடித்தான். கட்டைவிரலில் சம்பல் வாசனை. அந்த நேரத்தில் அவன் இறந்தாலும் பரவாயில்லை என்று நினைத்தேன். அதில் மட்டும் எனக்குச் சந்தேகமில்லை.

மறுபடியும் பறை ஒலித்தது.

மிங்குஸின் பிடி தளர்ந்தது. திரையில் வாய்சிலாவின் படகுகள் கிளம்பிக்கொண்டிருந்தன.

"அங்கதான் யாருமே இல்லையேடா" என்றான், மூச்சு வாங்க. "இன்னும் எதுக்குப் போறாங்க?"

"வருஷா வருஷம்னு டிக் பண்ணியிருக்கேன்" என்றேன். வாயில் ரத்தம் நிறைந்து சொற்கள் குழறின. "மரம் திரும்ப முளைக்கும்ல."

அவன் என் மேலிருந்து இறங்கினான். மறுபடி அடித்திருக்கலாம்; அடிக்கவில்லை. கதவருகே நின்று, "இனிமே உங்கிட்ட எதுவும் கேக்க மாட்டேன்" என்றான். எங்கள் தெருவில் அப்படி ஒருவர் சொல்லி நான் கேட்டதில்லை.

ஸ்யூர்ட் மூக்கில் துண்டை அழுத்திக்கொண்டு சுவரில் சாய்ந்திருந்தான். "போர்ச்சுகல் நடுநிலைன்னு அப்பவே சொன்னேன்" என்றான்.

ஞாயிறு ஆராதனை முடிந்து மிங்குஸ் தன் கணினியை எடுக்க வந்தான். புருவத்தில் தையல், கண் ஊதா நிறத்தில் வீங்கி மூடியிருந்தது. எனக்குப் பல் போன ஈறில் அம்மா வைத்துவிட்ட கிராம்பு எரிந்தது. அவன் முன்னறைக்குப் போனான். எரிந்த ஊரைப் பற்றிக் கேட்கவில்லை, அடியைப் பற்றிக் கேட்கவில்லை. கணினியை இரண்டு கையாலும் மார்போடு அணைத்துக்கொண்டு, சமையலறை வழியாகப் பின்வாசலுக்கு நடந்தான்.

நான் எட்டி ஃபிரிட்ஜைத் திறந்துவிட்டு ஒதுங்கி நின்றேன்.

மேல் தட்டில் மீன் இருந்தது. அவன் நின்றான். உள்விளக்கின் வெளிச்சம் அவன் தையலில் விழுந்தது. கதவு அதிக நேரம் திறந்திருந்தால் ஃபிரிட்ஜ் கூவ ஆரம்பிக்கும், ஆரம்பித்தது. அவன் கைகள் இரண்டும் கணினியைப் பிடித்திருந்தன. குளிர் என் பாதத்தில் இறங்கியது. அது கூவிக்கொண்டே இருந்தது.