அறுக்க வேண்டிய தட்டு

மேசைமேல் மூன்று செம்புத் தட்டுகள் இருந்தன. உற்றுப் பார்த்தாலும் ஒன்றுக்கொன்று வித்தியாசம் தெரியாது. அணுக்களை இணைத்து மின்சாரம் எடுக்கப்போகும் பேருலைக்குள் நுண்ணலைகளைத் திருப்பிவிடும் கண்ணாடிகள் அவை. செம்பு முகம் வாங்கும் சூட்டை எஃகு முதுகுக்குள் ஓடும் தண்ணீர் இழுத்துக்கொள்ள வேண்டும். வடிவமைத்தவள் தங்கை. செம்பையும் எஃகு முதுகையும் சூளையில் வைத்து ஒட்டியவன் அண்ணன். அவனைப் பட்டறையில் சேர்த்துவிட்டதும் அவள்தான் என்பதால், தட்டில் குறை என்றால் இருவர் தலையும் சேர்ந்தே உருளும்.

அழுத்தச் சோதனையிலும் கசிவுச் சோதனையிலும் மூன்றும் பாஸ். இனி ஒன்றை அறுத்து, உள்ளே ஒட்டு முழுதாய்ப் பிடித்திருக்கிறதா என்று பார்த்துவிட்டால் மற்ற இரண்டும் பேருலைக்குப் போய்விடும். எதை அறுப்பது என்று ஒட்டியவரே காட்டுவது அங்கே வழக்கம். மரியாதைக்காக வந்த வழக்கம். குறையுள்ள தட்டை ஒட்டியவரே தப்பவிடலாம் என்ற ஓட்டையையும் மரியாதை கருதி யாரும் பேசுவதில்லை.

அண்ணன் முதல் தட்டைத் தடவினான். இரண்டாவதைத் தாண்டினான். மூன்றாவதைத் தூக்கி, "இத அறுத்துக்கலாம்" என்றான்.

சின்ன வயதில் மதிப்பெண் அட்டையை ஒளித்துவிட்டு, அது இருக்கும் அலமாரியைத் தவிர வீடு முழுக்கக் கண்ணை ஓட்டுவானே, அதே பார்வை. அவளுக்கு உடனே புரிந்துவிட்டது. பேசாமல் கையெழுத்துப் போட்டால் அடுத்த மாதம் அவன் வேலை நிரந்தரமாகிவிடும். ஆனால் உள்ளே ஒட்டு விட்டிருந்தால், அந்த இடத்தில் சூடு ஏறி ஒருநாள் செம்பு விரியும். தண்ணீர் பேருலைக்குள் இறங்கி மாதக்கணக்கில் எல்லாமே படுத்துவிடும். அவன்மேல் கோபம் வந்தது. கண்டுபிடித்துத் தொலைத்த தன்மேல் அதைவிட அதிகமாக வந்தது.

"ரெண்டாவத அறுக்கலாம்ண்ணா."

"அதுதான் எல்லாத்துலயும் பாஸாச்சே?"

"ஆச்சு. அப்புறம் ஏன் அதத் தொடக்கூட மாட்டேங்கற?"

அவளே இரண்டாவது தட்டை அறுக்கும் எந்திரத்துக்கு எடுத்துப்போய், வரைபடத்தில் இருந்தபடி சரியாக நடுவில் வாள் இறங்குமாறு பொருத்தினாள். பொத்தானுக்குக் கை போனபோது அவன் குறுக்கே வந்து நின்றான்.

"நடுவுல அறுத்தா நல்லாத்தான் தெரியும்."

"என்னண்ணா சொல்ற?"

"அன்னைக்குச் சூளையில ஒரு ஓரம் சரியா சூடேறல. சொல்லிடலாம்னுதான் வந்தேன். வாய் வரல."

அவள் சட்டைப்பையிலிருந்து பேனாவை உருவினான். ஓரத்திலிருந்து நான்கு விரல் தள்ளி, செம்பின்மேல் ஒரு கோடு இழுத்தான். தட்டை நகர்த்தி இறுக்கிவிட்டுப் பொத்தானையும் அவனே அழுத்தினான். வாள் இறங்கியது. வாளைக் குளிர்விக்கக் குழாயிலிருந்து வெள்ளையாய் வழிந்த தண்ணீர் அந்தக் கோட்டை மெல்ல அழித்துக்கொண்டு போனது.