நடுவில் நின்றுபோனால்

மார்ச் மாதம் பிறந்துவிட்டால் சூப்பர்வைசர் கருணாகரனுக்குத் தொழிலாளிகளின் பிள்ளைகள்மேல் பாசம் பொங்கிக்கொண்டு வரும். மற்ற பதினோரு மாதமும் அந்தப் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிறார்களா, பட்டினி கிடக்கிறார்களா என்று அவர் ஒரு வார்த்தை கேட்டதில்லை. மார்ச்சில் மட்டும் தவறாமல் கேட்பார். அவர் மனைவி சத்யா ஒரு இன்சூரன்ஸ் கம்பெனிக்கு ஏஜென்ட். மாதக் கடைசிக்குள் அந்த அம்மாளுக்கு டார்கெட் முடிய வேண்டும். பாசத்தின் ஊற்று அதுதான்.

கருணாகரனுக்குக் கீழே இருபத்திரண்டு பெண்கள் வேலை செய்தார்கள். நெய்வேலி டவுன்ஷிப்பில் சாலையோரத்துப் புல்லை வெட்டுவது, சருகு கூட்டுவது, செடிகளுக்குத் தண்ணீர் விடுவது எல்லாம் அவர்கள் பொறுப்பு. அத்தனை பேரும் கான்ட்ராக்ட். காலை ஏழு மணிக்குப் பூங்கா ஷெட்டில் அவர் நோட்டைத் திறந்து பெயர் வாசிப்பார். பெயர் வாசித்தால் அன்றைக்குச் சம்பளம் உண்டு. வாசிக்காவிட்டால் வந்த வழியே திரும்ப வேண்டியதுதான்.

அந்த இருபத்திரண்டு பேரில் ஒருத்தி கனகம். மந்தாரக்குப்பத்தில் ஒற்றை அறை வாடகை வீடு. கணவன் அறிவழகன் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறான், அதுவும் அடுத்தவன் ஆட்டோ. இரண்டு பெண் பிள்ளைகள். இளவேனிலுக்கு ஐந்து வயது, கவின்மொழிக்கு இரண்டு.

கனகம் ஏற்கெனவே ஒரு தடவை சூடு பட்டவள். மூத்தவள் தவழ்ந்துகொண்டிருந்த காலத்தில், இதே சத்யா மேடத்திடம் 'கல்வி தீபம்' என்று ஒரு பாலிசி எடுத்தாள். மாதம் ஆயிரம் ரூபாய். பாலிசிப் பத்திரத்தின் அட்டையில் பட்டமளிப்பு விழாத் தொப்பி போட்ட ஒரு பெண் பிள்ளை சிரித்துக்கொண்டிருந்தாள். கனகம் அந்தப் படத்தைப் பார்க்காத நாளில்லை. பன்னிரண்டாம் வகுப்பில் அவள் நல்ல மதிப்பெண் வாங்கியவள். கடலூர்க் கல்லூரியில் இடமும் கிடைத்தது. சேர்க்கைக்குப் பணம் கட்டக் கடைசி நாள் வந்தது, போனது, வீட்டில் யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. அந்த நாளை அவள் இன்னும் மன்னிக்கவில்லை.

பதினான்கு மாதம் கட்டினாள். அப்புறம் டெண்டர் முடிந்தது. அடுத்த கான்ட்ராக்டர் வருவதற்கு மூன்று மாதம் ஆயிற்று. வேலை இல்லை, சம்பளம் இல்லை, பாலிசிக்கும் பணம் இல்லை. நிலைமை சரியான பிறகு போய்க் கேட்டபோது சத்யா மேடம் மிக இனிமையாகச் சொன்னார்.

"அது லாப்ஸ் ஆயிடுச்சேம்மா. மூணு வருஷம் முழுசாக் கட்டியிருந்தாத்தான் ஏதாவது வரும்."

பதினான்காயிரம் ரூபாய் போயிற்று. தொப்பி போட்ட பெண் மட்டும் சிரித்துக்கொண்டே இருந்தாள். கனகம் அன்று இரண்டு வேளை சாப்பிடவில்லை. துக்கம் ஒரு பங்கு என்றால் கோபம் மூன்று பங்கு. மாதாமாதம் சம்பளம் தவறாத பர்மனென்ட் ஆட்களுக்குத் தைத்த சட்டையைத் தனக்கு மாட்டிவிட்டார்கள் என்பது அன்றைக்குத்தான் அவளுக்குப் புரிந்தது.

அதன்பிறகு எந்தச் சேமிப்பைப் பற்றி யார் பேசினாலும் அவளிடம் ஒரே கேள்விதான். "நடுவுல நின்னு போனா என்னா ஆவும்?"

வடலூர் நகைக்கடையில் மாதச் சேமிப்பு சேரச் சொன்ன பையனிடம் கேட்டாள். போனஸ் கிடையாது, பணமாகத் தரமாட்டோம், நகையாகத்தான் எடுக்கணும் என்றான். தெருவில் ஏலச்சீட்டு பிடிக்கும் பெண்ணிடம் கேட்டாள். "ஆரம்பிக்கும்போதே அபசகுனமா பேசிகினு..." என்று அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கேட்ட இடத்திலெல்லாம் ஏதோ சாவுச் செய்தி சொன்னவளைப் பார்ப்பதுபோல் பார்த்தார்கள். நின்றுபோவது இவளுக்கு அபசகுனமா என்ன? டெண்டர் முடியும்போதெல்லாம் நடப்பதுதானே!

மாசிக் கடைசியில் ஒரு நாள் தபால் ஆபீசில் கேட்டாள். பெண் பிள்ளைகளுக்கான செல்வமகள் சேமிப்புக் கணக்கு. கவுன்ட்டரில் இருந்தவர் இருதயசாமி. மூக்குக் கண்ணாடிக்கு மேலே அவளைப் பார்த்தார். சிரிக்கவும் இல்லை, சலித்துக்கொள்ளவும் இல்லை.

"வருஷத்துக்குக் குறைஞ்சது எரநூத்தம்பது கட்டணும். ஒரு வருஷம் கட்டாம வுட்டா அம்பது ரூபா ஃபைன். பாக்கியையும் ஃபைனையும் சேத்துக் கட்டினா மறுபடி ஓடும். போட்ட பணம் எங்கயும் போவாது."

"திருப்பிச் சொல்லுங்க சார்."

திருப்பிச் சொன்னார். பதினைந்து வருடம் கட்டலாம், பதினெட்டு வயதில் கல்லூரிக்கென்று பாதிவரை எடுக்கலாம் என்பதையும் சொன்னார். தாயே கார்டியனாக இருக்கலாம் என்றும் சொன்னார். கனகத்துக்கு அழுகையே வந்துவிட்டது. தன் கேள்விக்கு ஒரு மனிதர் நேராகப் பதில் சொல்லிவிட்டாரே!

வீட்டில் சொன்னபோது அறிவழகன் தலையைச் சொறிந்தான். "போஸ்டாபீசு நல்லதுதான். இப்ப மார்ச் மாசமாச்சே. உங்க சூப்பர்வைசரு ஃபாரம் எடுத்துகினு வருவாரு. அவருகிட்ட எதுக்கு வம்பு? அங்கயும் ஒண்ணு போட்டுடு."

"ரெண்டு எடத்துல போட நான் என்னா பர்மனென்ட்டா?" என்றாள் கனகம்.

சொன்னபடியே மார்ச் இரண்டாம் வாரம், பெயர் வாசிக்கும் முன்பே கருணாகரன் ஒரு கட்டு ஃபாரத்தை மேசைமேல் வைத்தார். பக்கத்தில் சத்யா மேடம், கையில் பேனாக்கள்.

"பிள்ளைங்க படிப்புதான் முக்கியம். மாசம் ஆயிரம் ஒரு காசா? ஆளுக்கு ஒண்ணு போட்டுட்டு வேலைக்குப் போங்க. ஏப்ரல்ல உங்க வேலை பாசை நான்தான் புதுப்பிக்கணும், ஞாபகம் இருக்கட்டும்."

கடைசி வாக்கியம்தான் பாலிசி. மற்றதெல்லாம் அட்டைப் படம். பொற்கொடி முதலில் எழுந்தாள். அவளுக்கு மூன்று பிள்ளைகள், கணவன் இல்லை. கையெழுத்துப் போட்டாள். அடுத்து இன்னொருத்தி. பிறகு கனகத்தின் முறை.

"மேடம், நடுவுல நின்னு போனா என்னா ஆவும்?"

சத்யா மேடம் சிரித்தார். "எதுக்கும்மா நிக்கணும்? நல்லதையே நெனைங்க."

"நான் எங்க நெனைக்கிறேன்? வேலை நின்னா பணமும் நின்னுடும். போன தடவை பதினாலாயிரம் போச்சுங்க. வேலை இருக்குதா இல்லியான்னு சொல்றது சார் கையில இருக்கிற நோட்டு." கருணாகரன் பக்கம் திரும்பினாள். "அதனால சார், இந்த ஃபாரத்துக்குப் பின்னாடி ஒரு வரி எழுதிக் கையெழுத்து போடுங்க. கனகத்துக்கு வேலை இல்லாத மாசத்துக்கு நான் கட்றேன்னு. உடனே நானும் போடறேன்."

பின்னால் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். கருணாகரனின் முகம் கறுத்தது.

"என்னா திமிரா?"

"திமிரு இல்லீங்க. ரெண்டு பொண்ணுங்க இருக்குது."

அவர் பேனாவை எடுக்கவில்லை. அவளும் எடுக்கவில்லை. அதைப் பார்த்துக்கொண்டு வரிசையில் நின்றவர்களும் எடுக்கவில்லை. ஃபாரங்கள் மின்விசிறிக் காற்றில் படபடத்தன. கருணாகரன் நோட்டைத் திறந்து வேகமாகப் பெயர்களை வாசித்தார். இருபத்தொரு பெயர். மூடிவிட்டார்.

கனகத்துக்குப் பயமில்லை என்று யார் சொன்னது? ஒரு நாள் கூலி என்பது ஒரு வாரத்துப் பாலும் காய்கறியும். வேலைக்கென்று போட்டிருந்த பச்சைக் கோட்டைக் கழற்றி மடித்துப் பையில் வைத்தாள். வாசலில் நின்று ஒரு நிமிடம் யோசித்தாள். இன்றைக்கு வேலை இல்லை. தபால் ஆபீஸ் திறந்திருக்கும். வேலை நாளில் அவளால் பத்து மணிக்குப் போய் வரிசையில் நிற்க முடியுமா? சரி, புண்ணியவான் லீவு கொடுத்துவிட்டான்.

வீட்டுக்குப் போய் ஆதார், பான், பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், ஃபோட்டோ எல்லாவற்றையும் பையில் திணித்தாள். இடுப்பில் சின்னவள், கையில் பெரியவள். ஃபாரத்தில் கார்டியன் என்ற இடத்தில் தன் பெயரைத் தானே எழுதினாள். அந்த எழுத்து பள்ளிக்கூடத்தில் பரிசு வாங்கிய எழுத்து.

"முதல்ல எவ்வளவு போடறீங்க?" என்றார் இருதயசாமி.

"ஆளுக்கு எரநூத்தம்பது. இன்னிக்கு வேலை இல்லீங்க. இருந்தா கூடப் போடுவேன்."

வேலை போன நாளில் கணக்கு ஆரம்பிப்பவளை அவர் அதுவரை பார்த்திருக்கமாட்டார். இரண்டு பாஸ்புத்தகத்திலும் முத்திரை குத்தினார்.

மறுநாள் ஏழு மணிக்குக் கனகம் பச்சைக் கோட்டோடு ஷெட்டில் நின்றாள். கருணாகரன் இருபத்தொரு பெயர் வாசித்து நோட்டை மூடினார். யாரும் துடைப்பத்தைத் தொடவில்லை.

"கனகம் பேரு வுட்டுப்போச்சுங்க சார்." சொன்னது, முந்தின நாள் முதல் கையெழுத்துப் போட்ட பொற்கொடி.

"வுட்டுப்போகல. நான்தான் வாசிக்கல."

"அப்படின்னா வாசிக்கிற வரைக்கும் ஒக்காந்துகினு இருக்கோம்." பொற்கொடி உட்கார்ந்தாள். ஒவ்வொருத்தியாக எல்லாரும் உட்கார்ந்தார்கள்.

மார்ச் மாதம் டார்கெட்டுக்கு மட்டும் மாதமல்ல, சருகுக்கும் மாதம். டவுன்ஷிப் மரங்கள் அத்தனையும் ஒரே நேரத்தில் இலையைக் கொட்டும். ஒரு காலை கூட்டாவிட்டால் பெரிய ஆபீசர்கள் வீட்டுத் தெருவில் தார் ரோடே தெரியாது. எட்டு மணிக்குக் கருணாகரனின் போன் அடித்தது. எட்டேகாலுக்கு மறுபடியும் அடித்தது. "இதோ அனுப்பிட்டேன் சார், ஆளுங்க வந்துகினே இருக்காங்க சார்" என்று குழைந்தவர், போனை வைத்துவிட்டு நோட்டைத் திறந்தார்.

"கனகம்."

"இருக்கேன் சார்."

பெண்கள் துடைப்பங்களை எடுத்துக்கொண்டு கிளம்பினார்கள். பொற்கொடி, மேசைமேல் இன்னும் கிடந்த ஃபாரக் கட்டிலிருந்து தன் ஃபாரத்தை உருவி நான்காக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள். கனகம் கடைசியாக வெளியே வரும்போது கருணாகரன் வழிமறித்தார். குரலைத் தாழ்த்தினார்.

"போஸ்டாபீசுல கணக்கு ஆரம்பிச்சிருக்கியாமே. எத்தினி நாளைக்குக் கட்டறேன்னு நானும் பாக்கறேன்."

"பாருங்க சார்," என்றாள் கனகம். துடைப்பத்தைத் தோளில் சாய்த்துக்கொண்டாள். "பதினஞ்சு வருசம் கட்டணும். இருந்து, நிதானமா பாருங்க."