பிளாஸ்டிக் போட்ட கடிதம்

செத்துப்போன கல்யாணத்தைக் கைப்பையில் சுமந்துகொண்டு ஊருக்குப் போவது எப்படி என்று யாருக்காவது தெரிய வேண்டுமென்றால் என்னைக் கேட்கலாம். எனக்கு அதில் நல்ல பழக்கம்.

மணிலா விமானத்தில் என் மடியில் ஒரு நீலக் கோப்பு இருந்தது. அதற்குள் வாரனும் நானும் மோதிரம் மாற்றிக்கொண்ட படங்கள், இருவர் பெயரிலும் வந்த மின்சார பில்கள், ஜெர்சி சிட்டியில் குடியிருந்த வீட்டின் வாடகை ஒப்பந்தம், கல்யாணச் சான்றிதழ். எல்லாவற்றுக்கும் அடியில் விவாகரத்துத் தீர்ப்பு. எல்லாவற்றுக்கும் மேலே ஒரு கடிதம்.

அந்தக் கடிதத்தைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். அமெரிக்கக்காரனைக் கட்டிக்கொண்டு போகிறவளுக்கு முதலில் இரண்டு வருடத்துக்குத்தான் கிரீன் கார்டு தருவார்கள். இரண்டு வருடம் முடியும்போது புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்து கையெழுத்துப் போட்டு, எங்கள் கல்யாணம் நிஜம் என்று காட்ட வேண்டும். எனக்குக் கையெழுத்துப் போட வேண்டியவன் அதற்கு முன்பே ஒரு நாள் சாப்பாட்டு மேஜையில் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, “எடித்தா, எனக்குப் போதும்” என்றான். அடித்தானா, இல்லை. குடித்தானா, அதுவும் இல்லை. போதுமாம். சோற்றைச் சொல்கிறான் என்று நினைத்துப் பாத்திரத்தை மூடினேன்.

அதனால் தனியாக மனுப் போட்டேன். கல்யாணமும் நிஜம், அது முறிந்ததும் நிஜம், என்னை நம்புங்கள் என்று. மனு வந்து சேர்ந்தது, முடிவு தெரியும்வரை இவளுடைய பழைய கார்டே செல்லும் என்று சொல்லும் ஒற்றைத் தாள்தான் அந்தக் கடிதம். காலாவதியான கார்டோடு அதையும் நீட்டினால்தான் திரும்பி உள்ளே போக முடியும்.

“அந்த லெட்டர்தான் உங்க உயிரு. அசலையே கொண்டு போங்க, ஜெராக்ஸ் செல்லாது,” என்றாள் என் வக்கீலம்மா. “அடுத்த செவ்வாய்க்கிழமை காலைல ஒன்பது மணிக்கு நேர்காணல். நீங்க வந்து நிக்கலேன்னா மனுவைத் தள்ளிடுவாங்க. அப்புறம் உங்களை நாட்டை விட்டு அனுப்புற வேலையை ஆரம்பிப்பாங்க. இந்த நேரத்துல போய்த்தான் ஆகணுமா?”

போய்த்தான் ஆக வேண்டும். போன வருடம் அப்பா இறந்தபோது விவாகரத்து வழக்கு நடந்துகொண்டிருந்தது. இப்போது வெளியே போனால் சிக்கல் என்று இதே வக்கீலம்மா சொன்னாள். அப்பாவை மண்ணில் இறக்குவதைப் போனில் பார்த்தேன். அதிலும் பாதியில் சிக்னல் போய்விட்டது. வருடம் திரும்பிக் கறுப்பு களையும் நாளுக்காவது போகாவிட்டால் நான் என்ன மகள்? நேர்காணல் தேதி வந்ததே டிக்கெட் வாங்கிய பிறகுதான். ஞாயிற்றுக்கிழமை மதியம் மணிலாவில் ஏறினால் திங்கட்கிழமை வீட்டில் இருக்கலாம் என்று கணக்குப் போட்டேன்.

எங்கள் ஊர் பக்பிலாவில் எனக்கு விவாகரத்தானது யாருக்கும் தெரியாது. எங்கள் நாட்டுச் சட்டத்திலேயே அப்படி ஒன்று கிடையாது. கட்டினால் கட்டியதுதான். ஆகவே அமெரிக்காவுக்கு அந்தக் கல்யாணம் ஒரு காலத்தில் உயிரோடு இருந்தது என்று நான் நிரூபிக்க வேண்டும். ஊருக்கு அது இன்னும் சாகவில்லை என்று நடிக்க வேண்டும். ஒரே பிணத்தை வைத்துக்கொண்டு இரண்டு வேஷம். அம்மாவிடம்கூடச் சொல்லவில்லை. போனில் அவள் மாப்பிள்ளையைக் கேட்கும்போதெல்லாம் வாரன் வேலையில் இருந்தான், தூங்கினான், குளித்தான். இரண்டு வருடமாகக் குளித்துக்கொண்டே இருந்தான்.

கறுப்பு களையும் நாளன்று ஜெபம் முடிந்து, துக்கத் துணியை மடித்து வைத்துவிட்டு, அம்மா முதல்முறையாகப் பூப்போட்ட சட்டை போட்டுக்கொண்டு வந்தாள். முற்றத்தில் பந்தி. பக்கத்து வீட்டுப் பூரிங் அத்தை பான்சித் நூடுல்ஸைத் தட்டில் மலையாகக் குவித்துக்கொண்டு எனக்கு நேர் எதிரே வந்து உட்கார்ந்தாள். அவள் வாய்க்கு ஒரே நேரத்தில் இரண்டு வேலை தெரியும்.

“எங்கடி உன் வெள்ளைக்காரன்? மாமனார் வருஷத்துக்குக்கூட வரலியா?”

“லீவு கிடைக்கல அத்தை.”

“சாவுக்கும் லீவு இல்ல, வருஷத்துக்கும் லீவு இல்ல. ஆளு நெசமாவே இருக்கானா, இல்ல போட்டோக் கடைல வாடகைக்குப் பிடிச்சியா?”

பந்தியே சிரித்தது. நானும் சிரித்துத் தொலைத்தேன். அதற்குள் அம்மா எழுந்து உள்ளே போனாள். கொஞ்ச நேரம் ஆளைக் காணவில்லை. திரும்பி வந்தபோது கையில் என் கோப்பிலிருந்த படங்களின் உறை.

“இந்தா பூரிங், நல்லாப் பாத்துக்கோ,” என்று ஒவ்வொரு படமாக எடுத்து நீட்டினாள் அம்மா. “வாடகைக்குப் பிடிச்சவன் இப்படியா வாயெல்லாம் பல்லாச் சிரிப்பான்? என் மாப்பிள்ளை பஸ் கம்பெனில பெரிய மெக்கானிக். அவன் ஒரு நாள் லீவு போட்டா அங்க பாதி பஸ் நின்னுபோகும்.”

“நின்னா நிக்கட்டுமே, பொண்டாட்டிய விடவா பஸ் முக்கியம்?”

“உன் புருஷன் வேலை வெட்டி இல்லாம உன் பக்கத்துலயே இருந்து நீ என்னத்தக் கண்டே? சாப்பிடு, ஆறுது.”

பூரிங் அத்தை தட்டுப் பக்கம் திரும்பினாள். குடியேற்ற அதிகாரிக்குக் காட்ட வைத்திருந்த சாட்சியெல்லாம் கை மாறிக் கை மாறி, எண்ணெய் விரல் பட்டுத் திரும்பி வந்தது. அம்மா இருந்த உற்சாகத்தைப் பார்த்து, கடிதத்துக்குக் கீழே இருந்த உறையை மட்டும்தான் எடுத்திருக்கிறாள், அடியில் இருப்பதைப் பார்க்கவில்லை என்று மூச்சு விட்டேன். இப்படிப்பட்டவளிடம் எப்படிச் சொல்வது என்றும் எரிச்சலாக வந்தது. பிறகு, கிளம்பும்வரை ஜுரத்தில் படுத்துவிட்டதால் கோப்பைத் திறக்கவே இல்லை. என் முட்டாள்தனம்.

ஞாயிறு விடியற்காலை பஸ் ஏற்றிவிடும்போது அம்மா என் கைப்பையைத் தட்டிக் காட்டினாள். “உன் காகிதத்தையெல்லாம் பத்திரம் பண்ணி வச்சிருக்கேன்.” மழைக்கு ஒரு கவரில் சுற்றியிருப்பாள் என்று நினைத்தேன்.

மணிலா விமான நிலையத்தில் வரிசையில் ஒன்றரை மணி நேரம் நின்றேன். ஈஸ்டர் முடிந்து ஊரே கிளம்பியிருந்தது. கவுண்டரில் இருந்த பெண், சட்டையில் ஷெரில் என்று பெயர் குத்தியிருந்தாள், கார்டைத் திருப்பிப் பார்த்தாள்.

“கார்டு முடிஞ்சிருச்சே மேம்.”

“நீட்டிப்புக் கடிதம் இருக்கு,” என்று கெத்தாகச் சொல்லிக் கோப்பைத் திறந்தேன்.

கடிதம் வளையவில்லை. பளபளவென்று, ஓரம் வட்டமாக வெட்டி, கெட்டியாக, ஹோட்டல் மெனு கார்டு மாதிரி கையில் வந்தது. லேமினேஷன்.

எங்கள் ஊர்க்காரர்களைத் தெரிந்தவர்களுக்கு இதில் ஆச்சரியம் இருக்காது. ஒரு புயல் வெள்ளத்தில் அப்பாவின் நிலப்பத்திரமும் எங்கள் பிறப்புச் சான்றிதழ்களும் கூழாகிப்போய், அவற்றைத் திரும்ப வாங்க அம்மா மூன்று வருடம் நகராட்சிப் படியேறினாள். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் காகிதம் என்று வந்தால் அது நேரே பிளாஸ்டிக்குக்குத்தான் போகும். அப்பாவின் மரணச் சான்றிதழ் அடக்கத்துக்கு முன்பே கடைக்குப் போய் வந்தது. எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

ஷெரில் கடிதத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். நகத்தால் தட்டினாள். “இது அசலா, கலர் ஜெராக்ஸா மேம்?”

“அசல்தான்மா. எங்கம்மா லேமினேட் பண்ணிட்டாங்க.”

“எங்கம்மாவும் பண்ணுவாங்க,” என்றாள் பாவமாக. அவள் கழுத்தில் தொங்கிய சான்டோ நினோ குழந்தை இயேசு படமும் லேமினேட் செய்ததுதான். “ஆனா காகிதத்தைத் தொட்டுப் பாக்காம நான் எப்படி மேம் ஏத்துறது? அங்க போய்த் திருப்பி அனுப்பிட்டா எங்க தலைலதான் விழும்.”

மேலதிகாரி மனாலோ வந்தார். வாட்டசாட்டமான ஆள், குரல் மட்டும் பஞ்சு. “அமெரிக்க அதிகாரிங்ககிட்ட போன்ல கேட்டுட்டுத்தான் மேம் சொல்ல முடியும். கொஞ்சம் ஓரமா நில்லுங்க.”

“எவ்வளவு நேரம் ஆகும் சார்?”

“லைன் கிடைக்கணும்.”

கவுண்டர் மூட ஐம்பது நிமிடம் இருந்தது. ஓரமாக நின்று பிளாஸ்டிக்கின் ஒரு மூலையை உரித்துப் பார்த்தேன். பிளாஸ்டிக்கோடு எழுத்தும் கழன்று வந்தது. என் பெயரின் முதல் எழுத்தில் பாதி போயிற்று. பயந்துபோய் விட்டுவிட்டேன். மனாலோ காதில் போனை வைத்துக்கொண்டு அங்கும் இங்கும் நடந்தார். முப்பது நிமிடம். பத்து நிமிடம். என் பின்னால் நின்றவர்கள், அவர்களுக்கும் பின்னால் நின்றவர்கள், ஒரு கோழிக்கூண்டு அளவு பெட்டிகளோடு வந்த ஒரு குடும்பம், எல்லாரும் போய்விட்டார்கள். எனக்குக் கத்த வேண்டும்போல இருந்தது. யாரைப் பார்த்துக் கத்துவது?

கவுண்டரை மூடிய பன்னிரண்டாவது நிமிடம் மனாலோ போனை வைத்தார். “ஏத்தலாம்னு சொல்லிட்டாங்க மேம்.”

“அப்ப ஏத்துங்க!”

“மூடிட்டாங்களே மேம்.”

அடுத்து இடம் இருந்தது புதன்கிழமைதான். பணம் கட்ட வேண்டாம், நாங்களே மாற்றித் தருகிறோம் என்று ஏதோ வரம் தருகிறவர்போலச் சொன்னார். செவ்வாய்க்கிழமையை மாற்றித் தர அவரால் முடியுமா? வக்கீலம்மாவைக் கூப்பிட்டேன். தூக்கக் கலக்கத்தில், “வேற தேதி கேட்டு எழுதிப் பாக்கறேன். குடுத்தாலும் குடுக்கலாம், குடுக்காமலும் போகலாம். அம்மா பிளாஸ்டிக் போட்டுட்டாங்கன்னு நான் எந்த வாயால எழுதுறது?” என்றாள்.

ஒரு தூணடியில் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். ஆறு வருட உழைப்பு, ஹாங்காங்கில் பிறத்தியார் வீட்டுக் கக்கூஸ் கழுவியதிலிருந்து ஜெர்சியில் கிழவிகளைத் தூக்கிக் குளிப்பாட்டியதுவரை, எல்லாம் ஒரு தெருமுனைக் கடைக்காரனின் சூடான உருளைக்குள் போய் வந்துவிட்டது. அம்மாவின் மேல் வந்த கோபத்துக்கு அளவில்லை. வேறு எதையெல்லாம் பாழாக்கியிருக்கிறாள் என்று பார்க்கக் கோப்பைப் பிரித்தேன். வாடகை ஒப்பந்தம், பிளாஸ்டிக். கல்யாணச் சான்றிதழ், பிளாஸ்டிக். அடியில் கை போனதும் நின்றுவிட்டது.

விவாகரத்துத் தீர்ப்பும் பிளாஸ்டிக்கில் இருந்தது. மற்றவற்றைவிட இரண்டு மடங்கு கெட்டி. நான்கு ஓரத்தையும் யாரோ தனியாக உட்கார்ந்து கத்தரியால் ஒழுங்கு செய்திருந்தார்கள்.

அம்மாவுக்குப் போன் போட்டேன். முதல் மணியிலேயே எடுத்தாள்.

“அம்மா, என் காகிதத்தையெல்லாம்...”

“பாத்துட்டியா?” குரல் இறங்கியது. “கோவிச்சுக்காதடி. அன்னிக்கு பூரிங் வாயை அடைக்கப் போட்டோ எடுக்கப் போனேன்ல, அப்பதான் கண்ணுல பட்டுச்சு. படிச்சேன்.”

படித்த கையோடுதான் வெளியே வந்து, பாதி பஸ் நின்றுபோகும் என்று சொல்லியிருக்கிறாள்.

“கடைக்காரன் படிச்சிடக் கூடாதுன்னு அதை மட்டும் கவுத்து வச்சு, மெஷின் பக்கத்துலயே நின்னேன். இருக்கறதுலயே கெட்டியான பிளாஸ்டிக் போடச் சொன்னேன். கல்யாணச் சீட்டு போனா இன்னொண்ணு கேட்டு வாங்கிக்கலாம். இதை வாங்க நீ தனியா எங்கெங்க அலைஞ்சியோ, எப்படியெல்லாம் அழுதியோ. என்கிட்ட சொல்லவும் இல்ல. திரும்ப ஒருக்கா அலைய உன்னால முடியுமா?”

கோபம் எங்கேயும் போகவில்லை. அதை இறக்கி வைக்கத்தான் இடம் இல்லை. எதிரே ஷெரில் கவுண்டர் விளக்கை அணைத்துவிட்டு என்னைப் பார்க்காமல் நடந்து போனாள்.

“ஏன் சத்தமே இல்ல? ஏறிட்டியா?”

“ஏறிட்டேம்மா.”

“காகிதமெல்லாம் கேட்டாங்களா?”

“கேட்டாங்க.”

“பிளாஸ்டிக் உதவிச்சா?”

கடிதத்தின் உரிந்த மூலையைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தேன். அது ஒட்டவில்லை.

“உதவிச்சும்மா,” என்றேன்.