தர்சிகாவின் இடப்பக்கம்

ஜெயராணி டீச்சர் ஒரு காலத்தில் இலங்கை ஹொக்கி அணிக்குக் கோல் காத்தவர். பந்து பட்டு முறிந்த விரல் இன்றும் கரும்பலகையில் எழுத வெண்கட்டியைப் பிடிக்கையில் விறைத்து நிற்கும். இப்போது கண்டியில் விஞ்ஞானம் படிப்பிக்கிறார். பின்னேரங்களில் பாடசாலை அணியையும் பழக்குகிறார்.

மறுநாள் மாகாண இறுதிப் போட்டி. கோல் காப்பவள் தர்சிகா, நாவலப்பிட்டிப் பக்கத் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளை. ஹொக்கிக்காகவே விடுதியில் இடம் கிடைத்தவள்.

அவள் முன்பெல்லாம் கழுத்தை இடப்பக்கம் திருப்பிக்கொண்டுதான் நிற்பாள். அது கெட்ட பழக்கமென்று டீச்சர் அதட்டி அதட்டி நேராக நிற்க வைத்தார். அன்றிலிருந்து இடப்பக்கம் வரும் பந்துக்கு அவள் அசைவதேயில்லை. ஊர் பஸ்ஸுக்கா காத்து நிற்கிறாய் என்று எல்லார் முன்னாலும் கேட்டார் டீச்சர். பிறகு இடப்பக்கமாகவே பந்தை ஓங்கி ஓங்கி அடித்துப் பழக்கினார்.

அன்று பயிற்சி இடைவேளையில் தோடம்பழத் துண்டொன்றை அவளுடைய இடது பக்கமாக நீட்டினார். தர்சிகா வாங்கவில்லை. கோபமாக்கும் என்று துண்டை இடக்கண்ணுக்குக் கிட்டக் கொண்டுபோனார். இமைகூட ஆடவில்லை.

டீச்சர் துண்டைக் கீழே வைத்தார்.

"எடக்கண்ணு தெரியாதா ஒனக்கு?"

"தெரியாது டீச்சர். சின்னதுல வெறகு பொறுக்கப் போனப்ப வெட்டிப் போட்ட தேயில மிலாறு கண்ணுல குத்திருச்சு."

"கண் செக் பண்ணினாங்களே?"

"ரெண்டு தடவையும் இந்தக் கண்ணத்தான் மூடுனேன். கைய மட்டும் மாத்துனேன்."

டீச்சர் அவளுடைய தலைக்கவசத்தைக் கையில் எடுத்தார். முகக்கம்பி ஒன்று எப்போதோ உடைந்து, அவரே கட்டுக்கம்பி சுற்றி வைத்திருந்தார். உடைந்த இடம் வலக்கண்ணுக்கு நேரே இருந்தது. கவசத்தைத் தன் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார்.

நாளைக்கு மட்டும் விடுங்கள், பழையபடி கழுத்தைத் திருப்பிக்கொள்கிறேன் என்று தர்சிகா கெஞ்சினாள். அணியில் இல்லாவிட்டால் விடுதியும் இல்லை, தோட்டத்துக்குத் திரும்பினால் படிப்பும் அவ்வளவுதான் என்றாள்.

கழுத்தைத் திருப்பி நின்றால் கிண்ணம் நமக்குத்தான் என்று ஒரு கணம் ஓடியது மனது. ஓடியதை உணர்ந்ததும் டீச்சருக்குத் தன்மேலேயே பயம் வந்தது.

நேரே பாடசாலை அதிபர் மக்கீனிடம் போனார். நின்றபடியே, தான் அடித்த பந்துகள் உட்பட எல்லாவற்றையும் கொட்டினார். கோலில் நிற்க வேறு ஆளில்லையே என்றார் அதிபர்.

"யாரும் நிக்க மாட்டாங்க சேர். பதினொரு பேரும் கோலுக்கு வெளிய வெளையாடுவாங்க, சட்டத்துல எடமிருக்கு. தோத்தா என் பேரச் சொல்லுங்க. அவ விடுதிக் கட்டில மட்டும் யாருக்கும் குடுத்துறாதீங்க."

அதிபர் தொலைபேசியை எடுத்தார். படிப்பு முடியும்வரை தர்சிகாவின் இடத்தில் கை வைக்கக்கூடாது, அணியில் இருந்தாலும் இல்லாவிட்டாலும் சரி என்று விடுதிப் பொறுப்பாளரிடம் சொன்னார்.

ஜெயராணி டீச்சர் அப்போதுதான் கதிரையை இழுத்து உட்கார்ந்தார்.