டிக்கிச் சந்தைக்கு முந்திக்கொள்கிறவர்

நூலகத்தின் மாடி அறையில் இருபது நாற்காலிகள் போட்டு வைத்திருந்தாள் ஹிலரி. வந்தது ஒரே ஒருவர். அவரும் சொந்த நாற்காலியோடு வந்திருந்தார். மின்தூக்கியின் கதவு திறந்ததும், பேட்டரியில் ஓடும் அந்தச் சக்கர நாற்காலி மெல்ல முனகியபடி உள்ளே வந்து, காலி வரிசைகளை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, தேநீர் மேசையின் பக்கத்தில் நின்றது.

"மத்தவங்கல்லாம் எங்கம்மா?"

"வருவாங்க."

"வரமாட்டாங்க. வெளிய மழை கொட்டுது. போதாததுக்கு மேட்ச் வேற. அந்த பிஸ்கட் தட்டை இப்படித் தள்ளு."

ஆக்கன்ஷா என்ற அந்த ஊரின் கவுன்சிலில் ஹிலரி ப்ராட்பென்ட்டின் வேலை, வயதாலோ நோயாலோ உடற்குறையாலோ தன் காரியத்தைத் தானே செய்துகொள்ள முடியாத பெரியவர்களின் வீட்டுக்கு யார் போக வேண்டும், எப்போது போக வேண்டும், போகிற நிறுவனம் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று திட்டம் எழுதுவது. மூன்று வருடத்துக்கு ஒரு முறை புதுத் திட்டம். எழுதும் முன் ஊர்க்காரர்களிடம் கருத்துக் கேட்க வேண்டும் என்பது விதி. கேட்பதற்கு அவள் எப்போதும் தயாராகத்தான் இருந்தாள். சொல்லத்தான் ஆள் வருவதில்லை. வராதவர்களுக்கு என்ன வேண்டும் என்பதைத் தானே ஊகித்து, அதை அழகான வாக்கியங்களாக எழுதிவிடும் திறமை இத்தனை வருடத்தில் அவளுக்குக் கைவந்திருந்தது.

அவள் புரொஜெக்டரைப் போட்டாள். திரையில் 'நம் எதிர்காலம், நம் குரல்' என்று நீல எழுத்தில் விழுந்தது.

"அதை அணைச்சுடும்மா," என்றார் வந்தவர். "கேக்கத்தானே வந்தே? என்னைக் கேளு."

அவள் அணைத்தாள். எதிரில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள். "சரி, மிஸ்டர் ஒக்டன். உங்களுக்கு என்ன வேணும்?"

"நெவில்னு சொல்லு. ஞாயித்துக்கிழமை நேரத்தோட எந்திரிக்கணும். அவ்ளோதான்."

நெவில் ஒக்டன் மூடுசந்தையில் கறிக்கடை வைத்திருந்தவர். இரண்டு குளிர்காலத்துக்கு முன் பக்கவாதம் வந்து வலக்கையும் வலக்காலும் போயின. பேச்சும் போயிற்றுதான், ஆனால் அது ஒரே வாரத்தில் திரும்பி வந்து முந்தைய பாக்கியையும் சேர்த்துத் தீர்த்துக்கொண்டது என்று அவர் தங்கை சொல்வாள். நாற்காலியில் ஏற்றி உட்கார வைத்துவிட்டால் போதும், ஊரைச் சுற்றி வந்துவிடுவார். ஏற்றி உட்கார வைக்க ஆள் வேண்டும். ஞாயிற்றுக்கிழமை அந்த ஆள் வருவது ஒன்பதரைக்கு. கால்பந்துக் கிளப்பின் கார் நிறுத்துமிடத்தில் ஞாயிறுதோறும் கூடும் டிக்கிச் சந்தை அதற்குள் முக்கால்வாசி காலியாகிவிடும். கார் டிக்கியைத் திறந்து வைத்து வீட்டுப் பழைய சாமான்களை விற்கிற அந்தச் சந்தையில் நல்ல பொருளெல்லாம் விடிகிற நேரத்திலேயே கைமாறிவிடும் என்பது ஆக்கன்ஷாவில் குழந்தைக்கும் தெரியும். முப்பது வருடம் அங்கே முதல் ஆளாக நின்றவர் நெவில்.

"ஒன்பதரைக்கு மேல போனா என்ன இருக்கும் தெரியுமா? கை உடைஞ்ச பொம்மையும், பாதி போட்ட ஜிக்சா புதிரும். சீக்கிரம் வரச் சொன்னா, வீட்டுக்கு வீடு போற வரிசை மாறாதுங்கறாங்க. இந்த வட்டாரம், சுத்து, வரிசை, இதெல்லாம் யாரு போட்டது?"

ஹிலரி தேநீரைக் கலக்கினாள். "நான்தான்."

"அப்ப சரியான கடைக்குத்தான் வந்திருக்கேன்."

வட்டாரத் திட்டம் அவளுக்குப் பெயர் வாங்கித் தந்தது. முன்பெல்லாம் பராமரிப்பாளர்கள் ஊரின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குக் கார் ஓட்டியே களைத்துப்போவார்கள். அவள் ஊரை ஆறு வட்டாரமாகப் பிரித்தாள். பக்கத்து வீடு, அடுத்த வீடு என்று வரிசை வகுத்தாள். பக்கத்து ஊர்க் கவுன்சில்களிலிருந்து வந்து பார்த்துக் கேட்டுப் போனார்கள். நூலகக் கூட்டத்துக்கு மறுநாள், நெவிலின் வட்டாரத்து நிறுவனத்துக்குப் போன் செய்து வரிசையைப் பற்றிக் கேட்டபோது மேலாளர் பணிவாகவே சொன்னார்: "யாரை முதல்ல பாக்கணும்னு எங்களுக்கு வரைபடம்தாங்க சொல்லுது. வரைபடம் உங்களோடது." போனை வைத்த பிறகும் வெகுநேரம் அந்த வாக்கியம் அவள் காதிலேயே கிடந்தது. அடுத்த ஞாயிறு அந்தச் சுற்றில் தானும் போவதென்று முடிவு செய்தாள்.

பராமரிப்பாளர் டெண்டாய் கடல் கடந்து புலவாயோ நகரிலிருந்து வந்தவள். சின்னச் சிவப்புக் காரை ஓட்டிக்கொண்டே பாடுவாள். கவுன்சில் அதிகாரி பக்கத்தில் இருக்கிறாளே என்று அன்றும் நிறுத்தவில்லை. முதல் வீடு, பள்ளிக்கூடச் சமையற்காரியாக இருந்து ஓய்வு பெற்ற ஈனிட் கிளெக்குடையது. மணி ஏழு. படுக்கையில் ஒரு மெத்தைப் போர்வை மட்டும்தான் தெரிந்தது.

"ஈனிட், எந்திரிங்க."

"நான் செத்துட்டேன்டி," என்றது போர்வை. "பத்து மணிக்கு வா."

"செத்தவங்களுக்கு டீ எதுக்கு? நான் போறேன்."

"டீயை மட்டும் வச்சுட்டுப் போ."

ஹிலரிக்குச் சிரிப்பு வந்தது. கட்டிலோரம் குனிந்து, "இவ்வளவு சீக்கிரம் எந்திரிக்கணும்னு நீங்க கேட்டீங்களா?" என்றாள்.

"நானா? நாப்பது வருஷம் விடியறதுக்கு முன்னாடி எந்திரிச்சு உருளைக்கிழங்கு உரிச்சவ நான். இப்பவாவது தூங்கலாம்னு பாத்தா, கவுன்சில் ரூலாம். எந்த மடையன் எழுதினானோ."

டெண்டாய் அவசரமாக ஜன்னல் திரையைச் சரி செய்யப் போனாள்.

"மடையன் இல்லைங்க, மடச்சி. நான்தான் எழுதினேன்."

போர்வையிலிருந்து ஒரு கண் வெளியே வந்து அவளை மேலும் கீழும் அளந்தது. "பாத்தா அப்படித் தெரியலையே," என்றாள் ஈனிட்.

அந்தச் சுற்றில் எட்டாவது வீடு நெவிலுடையது. உள்ளே நுழையும்போது அவர் ஜன்னல் பக்கம் சாய்ந்து தெருவைப் பார்த்துப் படுத்திருந்தார். சந்தையிலிருந்து திரும்புகிற கார்கள் மேட்டில் ஏறிக்கொண்டிருந்தன. ஒன்றின் கூரையில் கால் மேலாகக் கட்டிய மேசை. இன்னொன்றின் ஜன்னல் வழியே வெளியே நீட்டிக்கொண்டு ஒரு விளக்குத் தண்டு. "வால்நட் மர மேசை," என்றார் யாரிடம் என்றில்லாமல். ஹிலரி வந்திருக்கிறாள் என்று அப்போதுதான் கவனித்தார். நூலகத்தில் அவ்வளவு பேசியவரிடம் அன்று ஒரு வார்த்தை கேலி இல்லை. டெண்டாய் அவரை நிமிர்த்தி உட்கார வைத்து முகத்தைத் துடைத்துவிட்டபோது கண்ணை மூடிக்கொண்டார். ஹிலரி சமையலறைக்குப் போய், தேவையே இல்லாமல் கெட்டிலைக் கழுவினாள்.

அந்த வாரமே அவள் திட்டத்தின் நடுப்பகுதி முழுவதையும் அழித்தாள். முதலில் ஒவ்வொருவரையும் எப்போது எழ ஆசை என்று கேட்பது; பிறகு வரிசை போடுவது. இவ்வளவுதான் புதிது. அந்த வட்டாரத்துக்காரர்கள் எல்லோருக்கும் அவளே போன் செய்தாள். விடியலில் எழ ஆசைப்பட்டவர்கள் நினைத்ததைவிடக் குறைவு. ஒரு பெரியவர், இதுவரை தன்னை யாரும் இதைக் கேட்டதில்லை என்றும், யோசிக்க ஒரு நாள் வேண்டும் என்றும் சொன்னார்.

மாசியில், திட்டத்துக்கு ஒப்புதல் தரும் கவுன்சில் குழுவின் கூட்டம். பழைய மேயர்களின் படங்களுக்குக் கீழே தலைமை நாற்காலியில் கவுன்சிலர் ஸ்டான்லி பிக்கப் உட்கார்ந்திருந்தார். கெட்ட மனிதர் இல்லை. ஊர்ப்பணம் தன் சட்டைப்பையிலிருந்து போவதாக நினைக்கிற ரகம். காகிதங்களைத் தட்டி அடுக்கிக்கொண்டு கேட்டார்: "நல்லா ஓடிட்டிருக்கிற வண்டி. ஒருத்தர் பழைய சாமான் வாங்கப் போகணுங்கறதுக்காக சக்கரத்தைக் கழட்டணுமா?"

ஹிலரி தயார் செய்து வைத்திருந்த பதில் காகிதத்தைத் தேடினாள். பார்வையாளர் வரிசையிலிருந்து ஒரு இடக்கை உயர்ந்தது.

"கவுன்சிலர், இன்னிக்குக் காலைல எத்தனை மணிக்கு எந்திரிச்சீங்க?"

"ஆறுக்கு. ஏன்? நாய் எழுப்பிடுச்சு."

"குடுத்து வச்சவர். என்னை எழுப்பறது இந்தக் கமிட்டி."

கூடம் சிரித்தது. பிக்கப்பும் சிரித்தார், சிரித்து முடித்ததும் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, "சிரிக்க வச்சதுக்காகவெல்லாம் நான் ஓட்டு போடறதில்ல, நெவில்," என்று ஹிலரி பக்கம் திரும்பினார். "ஆள் பத்துமா?"

தெரியும் என்று சொல்லும் பதவி அவளுடையது. இத்தனை வருடமும் அப்படித்தான் சொல்லி வந்திருக்கிறாள். "தெரியலைங்க," என்றாள். "காகிதத்துல சரியா வருது. சீக்கிரம் வேணுங்கறவங்களும் லேட்டா வேணுங்கறவங்களும் ஒருத்தரை ஒருத்தர் ஈடு கட்டறாங்க. ஆனா மனுஷங்க விஷயம். காய்ச்சல் வரும், மனசு மாறும். ஒரு வட்டாரத்துல செஞ்சு பாத்தாத்தான் தெரியும்."

பிக்கப் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "இந்த அறையில 'தெரியல'ன்னு ஒரு அதிகாரி சொல்லி நான் கேட்டதே இல்ல," என்றார். ஒரே ஒரு வட்டாரம், கோடை முடியும் வரை. அதற்குப் பிறகு பார்க்கலாம் என்று தீர்மானம் ஆயிற்று. ஒருவர் எதிர்த்து வாக்களித்தார்.

புது வரிசையின் முதல் ஞாயிறு ஹிலரி விடிவதற்குள் எழுந்துவிட்டாள். அவளை யாரும் எழுப்பவில்லை. கால்பந்துக் கிளப்பின் கார் நிறுத்துமிடத்தில் பனிமூட்டம் இடுப்பளவு நின்றது. கைவிளக்கு வெளிச்சங்கள் டிக்கிக்கு டிக்கி தாவிக்கொண்டிருந்தன. பன்றிக்கறி வறுபடும் வாசனை வந்தது. நெவிலைத் தேட வேண்டியிருக்கவில்லை. சத்தம் வந்த இடத்துக்குப் போனால் போதுமாக இருந்தது.

"தங்கச்சிக்குச் சமானமா நினைச்சு சொல்றேன், இதுக்கு அவ்ளோ தர மாட்டாங்க."

"இது எங்க அப்பாவோடது," என்றாள் விற்கிறவள்.

"அதனாலதான் கேக்கிறேன். இல்லேன்னா திரும்பிக்கூடப் பாத்திருக்க மாட்டேன்."

ஹிலரியைப் பார்த்ததும் அவர் முகமன் எதுவும் சொல்லவில்லை. மடியில் இருந்த பீங்கான் நாயையும், ஒரு செப்புக் கெட்டிலையும், எதற்கென்றே தெரியாத ஒரு இரும்புச் சாமானையும் ஒவ்வொன்றாக எடுத்து அவள் கையில் அடுக்கினார். "இரு, இன்னும் இருக்கு." இடக்கையால் எட்டி அந்தப் பெண்ணின் மேசையிலிருந்து பேரத்தில் இருந்த பொருளை, மழையா வெயிலா என்று முள்ளால் காட்டும், பித்தளை வளையம் போட்ட பழைய வானிலைமானியை எடுத்தார். அப்போதுதான் தூறல் ஆரம்பித்தது. சுற்றிலும் ஆட்கள் பிளாஸ்டிக் விரிப்புகளை உதறி இழுத்துச் சாமான்களை மூடினார்கள். நெவில் அசையவில்லை. வானிலைமானியின் கண்ணாடியில் துளிகள் உருண்டன. முள் 'நல்ல வெயில்' என்ற எழுத்தின் மேல் நின்றது. அவர் விரல் மடக்கி இரண்டு தட்டுத் தட்டினார். முள் கொஞ்சமும் அசையவில்லை.

"பாரு," என்றார் அவர், கண்ணை எடுக்காமல். "என்ன ஒரு பிடிவாதம்."