மயிலிட்டியிலிருந்து தெல்லிப்பழைக்கு

கார் ஸ்டார்ட் ஆனபோது எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. பற்றைக்காட்டுக்குள்ளால் போகிற மண் ஒழுங்கையைத் தாண்டித் தார் றோட்டில் ஏறினோம். கொஞ்சத்தூரம் போனதும் இரண்டு தரம் இருமிவிட்டு நின்றுவிட்டது.

பின் சீற்றில் என் கணவர் கிளரன்ஸ் படுத்திருந்தார். இராணுவம் பிடித்து வைத்திருந்து திருப்பித் தந்த எங்கள் மயிலிட்டிக் காணியைத் துப்புரவாக்க, மானிப்பாயிலிருந்து நாங்கள் இரண்டு பேருமாக வந்திருந்தோம். கூலிக்கு ஆள் பிடிப்போம் என்றேன். கேட்டால்தானே! எத்தனையோ வருடம் மனிதக் கால் படாத பற்றைக்குள் வெறும் செருப்போடு இறங்கினார். புடையன் பாம்பு கடித்துவிட்டது.

அம்புலன்ஸ் வேறொரு நோயாளியோடு போயிருக்கிறது, வரச் சுணங்கும் என்று ரெலிபோனில் சொன்னார்கள். சுற்றிவர ஒரு வீட்டிலும் ஆளில்லை. தெல்லிப்பழை ஆஸ்பத்திரிக்குப் போனால் மருந்து ஏற்றுவார்கள். போய்ச் சேர்வதற்கு இந்தப் பழைய மொறிஸ் மைனரை விட்டால் வேறு வழியில்லை.

"சோக்கை இழும், ஜெயந்தினி," என்றார் பின்னாலிருந்து.

இழுத்தேன். ஸ்டார்ட் ஆனது, ஓடியது, நின்றது.

"அப்ப பொறி அடிக்கிற பொயின்ற்றிலை அழுக்கு. பொனற்றைத் திறந்து துடையும்."

கணித வாத்தியாராக இருந்து இளைப்பாறியவர். காரைப் பொறுத்தவரை தன்னைத் தானே மெக்கானிக்காக நியமித்துக்கொண்டவர். இறங்கிப்போய்ச் சேலைத் தலைப்பால் துடைத்தேன். மறுபடி ஸ்டார்ட் ஆனது.

"பாத்தீரோ, நான் சொன்னன்!" என்றார். அந்த நிலைமையிலும் பெருமை.

பனங்காணி ஒன்றின் பக்கத்தில் கார் மறுபடி நின்றது. திரும்பிப் பார்த்தேன். கால் முழங்கால் வரைக்கும் வீங்கியிருந்தது. பல் ஈறில் இரத்தம் கசிந்தது.

"கொயில் சூடாகியிருக்கும்..."

நான் பொனற்றைத் திறக்கவில்லை. நின்றால் காருக்குச் சுகம் வருகிறது, ஓடினால் மூச்சு முட்டுகிறது. அழுக்கென்றால் வந்து வந்து போகுமா? எஞ்சினுக்குப் பெற்றோல் போகவில்லை என்று பட்டது. ஆனால் காலையில் கழுத்துவரை நிரப்பினோமே. பின்னால் ஓடிப்போய்ப் பெற்றோல் தாங்கியின் மூடியைத் திருகினேன்.

உஸ்ஸென்று தாங்கி காற்றை உள்ளே இழுத்தது. மூடிக்குக் கீழே தாங்கி வாய்க்குக் கடையில் தருகிற பொலித்தீன் பை ஒன்றைப் போர்த்தி, றப்பர் பாண்ட் போட்டு இறுக்கியிருந்தது.

"இதென்னப்பா?"

"காலமை காணிக்குள்ளை காரை நிப்பாட்டேக்கை கட்டினனான். பெற்றோல் தட்டுப்பாடு வரப்போகுதெண்டு கதைக்கினம். ஆவியாப் போகக்கூடாதெல்லே."

சண்டைக் காலத்தில் மண்ணெண்ணெயில் கார் ஓட்டி, பெற்றோலை மருந்து மாதிரிச் சொட்டுச் சொட்டாக விட்ட கை அது. வதந்தி கேட்டாலே அந்தக் கைக்குப் பயம் வந்துவிடும். ஆனால் ஒற்றைத் துளை போட்ட எண்ணெய்த் தகரத்தைக் கவிழ்த்தால் எண்ணெய் வராது என்பது அடுப்படியில் நிற்கிற எனக்குத் தெரியும். காற்று உள்ளே போனால்தான் பெற்றோல் வெளியே வரும்.

பையைக் கிழித்தெறிந்தேன்.

"வாயை மூடிக்கொண்டு படுங்கோ! இனி ஒரு சொல்லுச் சொல்லக்கூடாது!"

கலியாணம் கட்டிய நாளிலிருந்து அவரிடம் அப்படிக் கத்தியதில்லை. கார் புறப்பட்டது. இருமவில்லை, நிற்கவில்லை. பின்னாலும் சத்தமில்லை.

"இஞ்சருங்கோ."

கண்ணாடியை அவர் பக்கம் திருப்பினேன்.

"கிளரன்ஸ்!"

கண்ணாடியில் பார்த்தேன். கண் மூடியிருந்தது. நிறுத்திப் பார்க்கவும் பயம். கர்த்தரே, நான் சொன்ன கடைசிச் சொல்லு அதுவாக இருக்கக்கூடாது என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே ஓட்டினேன். ஆத்திரம் எங்கே போனதென்று தெரியவில்லை. அவர் வேண்டும், அவ்வளவுதான்.

ஆஸ்பத்திரி மதில் தெரிந்தபோது பின்னாலிருந்து ஒரு முனகல் வந்தது.

"ரெண்டாம் கியரிலையே வாறீர். எஞ்சின் குழறுது."

"குழறட்டும்!" என்றேன். கண்ணீரில் றோட்டுத் தெரியவில்லை. "வேறை என்ன பிழை விடுறன்? சொல்லுங்கோ, சொல்லிக்கொண்டே வாங்கோ!"

"வளைவிலை கோர்ன் அடிக்கேல்லை," என்றார் கிளரன்ஸ்.