மடிக்கணினிக்குள் முன்னூற்றுப் பன்னிரண்டு வீடுகள்

வாணி அதிகம் பேச மாட்டாள். அதனால்தான் தாமான் குடியிருப்பில் எல்லோரும் தங்கள் ஐசி அடையாள அட்டையை நம்பி அவளிடம் கொடுத்தார்கள்.

கிள்ளானில் அவர்கள் தாமானில் ஒரு மரண சகாய சங்கம் உண்டு. ஒரு வீட்டில் ஒருவர் கண்ணை மூடினால், அன்று மாலைக்குள் காரியச் செலவுக்கான தொகை அந்தக் குடும்பத்தின் கையில் இருக்க வேண்டும். அதற்காகச் சங்கம் உறுப்பினர்களின் அடையாள அட்டை நகல், வங்கிக் கணக்கு எண், வாரிசின் பெயர், தொலைபேசி எண் எல்லாவற்றையும் முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொள்ளும். இவற்றைக் கணினியில் ஏற்ற ஆள் தேடியபோது, செயலாளர் சந்திரகலா ஆன்டி வாணியைக் கைகாட்டினார்.

"அந்தப் பிள்ளைகிட்ட குடுங்க. அதுக்கு வாயே கிடையாது."

நல்ல மனதோடு சொன்னதுதான். வாணி அப்போது பல்கலைக்கழகத்தில் வேதியியல் படித்துக்கொண்டிருந்தாள். விடுமுறைக்கு வந்தபோதெல்லாம் உட்கார்ந்து முன்னூற்றுப் பன்னிரண்டு வீடுகளையும் ஏற்றி முடித்தாள். அட்டையை நீட்டிய ஒவ்வொருவரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள். "பத்திரமா இருக்கும்ல?"

"இருக்கும் ஆன்டி." "இருக்கும் அங்கிள்." முன்னூற்றுப் பன்னிரண்டு முறை சொன்னாள். வாழ்நாளில் அவள் அதிகம் பேசியது அந்த ஒரு சொல்லாகத்தான் இருக்கும்.

போன வருடம் மூன்றாவது வரிசை வீட்டு வீரம்மாவுக்கு ஓர் அழைப்பு வந்தது. போலீஸ் பேசுகிறோம் என்றான் ஒருவன். அவருடைய ஐசி எண்ணைச் சொன்னான், செத்துப்போன கணவரின் பெயரைச் சொன்னான், கைது செய்ய வருகிறோம் என்றான். வீரம்மா இரண்டு நாள் அறைக் கதவைத் திறக்கவில்லை. விவரம் எங்கிருந்து கசிந்தது என்று கடைசிவரை தெரியவில்லை. சங்கத்திலிருந்து போகவில்லை என்பது வாணிக்குத் தெரியும். இருந்தாலும் அன்றிலிருந்து சங்கத்தின் மடிக்கணினியைப் பார்க்கும்போதெல்லாம் அவளுக்கு வீரம்மாவின் பூட்டிய கதவுதான் நினைவுக்கு வரும்.

ஞாயிற்றுக்கிழமை மதியம். போர்ட் கிள்ளானில் பாமாயில் சோதிக்கும் ஆய்வுக்கூடத்தில் அவளுக்கு வேலை, அன்று விடுமுறை. சந்திரகலா ஆன்டி தொலைபேசியில் கூப்பிட்டார்.

"வாணி, அந்தப் பழைய லேப்டாப்ப வித்தாச்சு லா. நாலு மணிக்கு ஆள் வருது. சார்ஜர் உங்கிட்டதானே இருக்கு? கொண்டு வந்து குடுத்துட்டுப் போ."

வாணி சார்ஜரை எடுத்தாள். மேசை இழுப்பறையில் கிடந்த இரண்டு பென்டிரைவ்களையும் சேர்த்து எடுத்துக்கொண்டாள்.

தலைவர் அய்யாவு அங்கிள் வீட்டுப் போர்ச்தான் சங்கத்தின் அலுவலகம். காரை வெளியே நிறுத்திவிட்டு உள்ளே நீள மேசை போட்டிருப்பார். துறைமுகத்தில் முப்பது வருடம் லோரிகளை வரிசைப்படுத்தி அனுப்பியவர். கிரேன் சத்தத்துக்கு மேல் பேசிப் பழகிய தொண்டை. வீட்டிலும் அதே தொண்டைதான். புது மடிக்கணினி மேசையின் ஒரு மூலையில் பளபளவென்று இருந்தது. பழையது நடுவில், துணியால் துடைத்து, மாப்பிள்ளை வீட்டார் பார்க்க வரும் பெண் மாதிரி உட்கார்ந்திருந்தது.

"அங்கிள், உள்ள இருந்ததெல்லாம்..." வாணி மெல்லத் தொடங்கினாள்.

"எல்லாம் டெலிட் பண்ணியாச்சு! குப்பைத்தொட்டி படம் ஒண்ணு இருக்குல்ல, அதையும் காலி பண்ணிட்டேன். இப்ப தொறந்து பாரு, கோயில் வாசல் மாதிரி சுத்தம்."

"அது போதாது அங்கிள்."

"என்னம்மா? சத்தமா பேசு."

வாணி யோசித்தாள். அவருக்குப் புரிகிற மாதிரி எப்படிச் சொல்வது? "பட்டியல்ல ஒரு கன்டெய்னர் நம்பரைக் கோடு போட்டு அடிச்சுட்டா, கன்டெய்னர் யார்டை விட்டுப் போயிடுமா அங்கிள்?"

"அது எப்படிப் போவும்? அங்கனயேதான் நிக்கும்."

"இதுவும் அப்படித்தான்."

அவர் சிரித்தார். நம்பவில்லை. வாணி மேற்கொண்டு வாதாடவில்லை. வாதாட அவளுக்கு வராது. செய்து காட்டத்தான் வரும். பென்டிரைவைச் செருகி, அழித்த கோப்புகளைத் தேடி எடுக்கும் நிரலை ஓட்டினாள். பத்து நிமிடம் ஆனது. முதலில் ஒன்றுமில்லை. பிறகு படங்கள் ஒவ்வொன்றாக எழுந்து வரத் தொடங்கின.

முதலில் வந்தவர் அய்யாவு அங்கிளே. கறுகறுவென்ற மீசை.

"ஐயோ, யாரு இந்த வில்லன்?" சந்திரகலா ஆன்டி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அடுத்து அவர் முகமே வந்தது, சிரிப்பு நின்றது. அட்டை எண், பிறந்த தேதி, வீட்டு முகவரி எல்லாம் தெளிவாக இருந்தன. அதன் கீழே வங்கிப் புத்தகத்தின் முதல் பக்கம். பிறகு வீரம்மாவின் முகம், அவர் கணவரின் மரணச் சான்றிதழோடு.



"இதை அழிக்க எவ்வளவு நேரம் ஆவும்?" அய்யாவு அங்கிளின் குரல் முதல்முறையாகச் சாதாரண அளவுக்கு இறங்கியிருந்தது.

"வன்தட்டு முழுக்கப் பூஜ்யமா எழுதணும் அங்கிள். பழைய தட்டு, மெதுவாத்தான் ஓடும். ரெண்டரை மணி நேரம். அதுக்கப்புறம் விண்டோஸ் போட முக்கால் மணி."

அவர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். இரண்டு முப்பத்தைந்து. பிறகு நாள்காட்டியைப் பார்த்தார். "முடியாது. நாலரைக்கு ராகு காலம் ஆரம்பிச்சுடும். அதுக்குள்ள கை மாறியாகணும். ஏற்கெனவே ரெண்டு பேரு வரேன் வரேன்னுட்டு வரல. இப்ப வாங்க வர்ற பொண்ணுக்கு நான் வாக்குக் குடுத்துட்டேன். நீ முடிஞ்ச வரைக்கும் அழி."

"பாதியில நிறுத்தினா பாதிப் பேரு உள்ளயே இருப்பாங்க."

"எந்தப் பாதி?" சந்திரகலா ஆன்டி பதறினார். "அகர வரிசையிலயா போவுது? அண்ணன் 'அ', தப்பிச்சுடுவாரு. நான் 'ச'!"

"வரிசையெல்லாம் இல்லை ஆன்டி. யாரு மாட்டுவாங்கன்னு எனக்கே தெரியாது."

வாணி சார்ஜரை மாட்டினாள். இரண்டாவது பென்டிரைவிலிருந்து கணினியை எழுப்பி, எல்லாவற்றையும் அழிக்கட்டுமா என்று திரை கேட்டபோது ஒருமுறைக்கு இருமுறை பார்த்துவிட்டு விசையைத் தட்டினாள். கறுப்புத் திரையில் ஒரு சதவீதம் என்று வந்தது.

இனிச் செய்ய ஒன்றுமில்லை. ஆய்வுக்கூடத்தில் எண்ணெய் கொதிப்பதைப் பார்த்துக்கொண்டு நிற்பது அவளுக்குப் பழக்கம். அதுபோலவே உட்கார்ந்தாள். இருபது. முப்பத்தைந்து. சந்திரகலா ஆன்டி நடுவில் வந்து வந்து எட்டிப் பார்த்தார். "இப்ப நான் போயிட்டேனா?" என்று கேட்டுவிட்டுப் போவார்.

நான்கு பத்துக்கு வாசலில் ஒரு பெண் வந்து நின்றாள். முப்பது வயதிருக்கும், தலையில் முக்காடு, தோளில் கனமான பை. பெயர் ஷபானா. திருச்சிப் பக்கம். பிரிக்பீல்ட்ஸில் ஒரு துணிக்கடையில் வேலை செய்கிறாள். இணையவழிப் படிப்பு ஒன்றில் சேர்ந்திருக்கிறாள், கைப்பேசியில் படித்துப் படித்துக் கண் வலிக்கிறதாம். கொமுட்டர் ரயிலில் வந்து, ஸ்டேஷனிலிருந்து நடந்தே வந்திருந்தாள்.

"வாம்மா வா! எல்லாம் ரெடி!" அய்யாவு அங்கிள் முழங்கினார்.

திரையில் அறுபத்திரண்டு சதவீதம்.

"இன்னும் ரெடியாகல அக்கா," என்றாள் வாணி. யாருக்கும் கேட்கவில்லை.

அய்யாவு அங்கிள் கடிகாரத்தைப் பார்த்தார், திரையைப் பார்த்தார், நெற்றியைத் துடைத்தார். "பாதிக்கு மேல ஆயிடுச்சுல்ல, போதும் லா," என்று சார்ஜர் ஒயரை நோக்கிக் கையை நீட்டினார். இந்தக் கணினியின் பேட்டரி செத்து வருடக்கணக்காகிறது. ஒயரைப் பிடுங்கினால் அங்கேயே நின்றுவிடும்.

வாணியின் கை முந்திக்கொண்டது. சொருகியிருந்த இடத்தின் மேல் உள்ளங்கையைப் பதித்துக்கொண்டாள்.

"இது இன்னும் ரெடியாகல," என்றாள். இந்த முறை எல்லோருக்கும் கேட்டது. பக்கத்து வீட்டு நாய்க்கும் கேட்டிருக்கும். அது ஒருமுறை குரைத்தது. "அக்கா, வாங்குறதுக்கு முன்னாடி இதுல இருக்கிற குறையெல்லாம் நான் சொல்லணும். உட்காருங்க."

அய்யாவு அங்கிளின் கை அந்தரத்தில் நின்றது. வாங்க வந்தவளிடம் குறையைச் சொல்லப்போவதாக அவர் தாமானின் ஊமைப் பெண் அறிவிக்கிறாள்.

வாணி பேசினாள். பேட்டரி கிடையாது, சார்ஜரோடுதான் ஓடும். இடப்பக்கக் கீல் தளர்ந்திருக்கிறது, இரண்டு கையாலும் திறக்கணும். விசைப்பலகையில் இரண்டு எழுத்து பலமாக அழுத்தினால்தான் விழும். ஒலிபெருக்கி ஒரு பக்கம்தான் பாடும். விசிறி மழைக்காலத்தில் சத்தம் போடும். ஒன்றும் பொய்யில்லை. நான்கு வருடம் அதனோடு உட்கார்ந்தவளுக்குச் சொல்ல நிறைய இருந்தது.

ஷபானாவும் லேசுப்பட்டவள் இல்லை. "வீடியோ கிளாஸ் தடங்கலில்லாம ஓடுங்களா? கேமரா தெளிவா இருக்குங்களா? சூடாகுதுன்னா எவ்வளவு சூடு, தோசைக்கல்லு மாதிரியா?" ஒன்று கேட்டால் அதிலிருந்து இன்னொன்று. வாணி ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னாள். தன் குரலைத் தானே கேட்டுக்கொண்டு சொன்னாள். இது யார் பேசுகிறார்கள் என்று ஒரு கணம் தோன்றியது. நிறுத்தினால் திரும்பத் தொடங்க வராது என்று பயந்து நிறுத்தாமல் போனாள்.

"ஜாதகப் பொருத்தம் பாக்குற மாதிரியில்ல போவுது," என்று முணுமுணுத்தபடி சந்திரகலா ஆன்டி தேத்தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். வைக்கும்போது வாணியின் தோளை ஒரு முறை அழுத்திவிட்டுப் போனார். தட்டில் வேண்டுமென்றே முறுக்கும் இருந்தது. முறுக்கை அவசரமாகத் தின்ன முடியாது.

"அம்மாடி, பேசினது போதும், குடுத்துடலாம்..." அய்யாவு அங்கிள் எழுந்தார். அப்போதுதான் சுவரைப் பார்த்தார்.

நான்கு முப்பத்திரண்டு.

"அட கடவுளே."

நீட்டிய கையை நெருப்பில் பட்டதுபோல் இழுத்துக்கொண்டார். "யாரும் தொடாதீங்க! ராகு காலம் ஆரம்பிச்சுடுச்சு! ஆறு மணி வரைக்கும் இந்தச் சாமான் இடத்தை விட்டு அசையக் கூடாது. ஏம்மா, உனக்கு அவசரமா?"

"இன்னைக்கு லீவுதான் அங்கிள். ரயில் ராத்திரி வரைக்கும் இருக்கு," என்றாள் ஷபானா. "எனக்கு ராகு காலம் பத்தித் தெரியாது. ஆனா ஏன் இவ்வளவு நேரமா அந்தக் கறுப்புத் திரை ஓடுதுன்னு கேக்கலாமா?"

வாணி சொன்னாள். முன்னூற்றுப் பன்னிரண்டு வீடுகள், நகல்கள், பத்திரமாக இருக்கும் என்று தான் சொன்னது, எல்லாம். ஷபானா கையிலிருந்த முறுக்கைக் கீழே வைத்தாள்.

"பாதியில குடுத்திருந்தா நான் தேடியிருக்க மாட்டேன். ஆனா இது என்கிட்டயே கடைசி வரைக்கும் இருக்கப்போறதில்லையே. நானும் ஒருநாள் விப்பேன்," என்றாள். "நீங்க முழுசா முடிங்க. நான் இருக்கேன்."

அதற்குப் பிறகு அய்யாவு அங்கிள் நாற்காலியை இழுத்து மடிக்கணினிக்குப் பக்கத்தில் போட்டுக்கொண்டு காவலுக்கு உட்கார்ந்துவிட்டார். சந்திரகலா ஆன்டி தூசி தட்ட வந்தபோதுகூடக் கையைத் தட்டிவிட்டார். அறிவியல் படித்த வாணிக்கு ராகுவின் மேல் நம்பிக்கை கிடையாது. ஆனாலும் அன்று மனதுக்குள் ராகுவுக்கு ஒரு வணக்கம் வைத்தாள்.

ஐந்து எட்டுக்கு நூறு சதவீதம் வந்தது.

வாணி அதோடு விடவில்லை. ஆய்வுக்கூடத்தில் கழுவிய குடுவையைக் கழுவியதாக நம்பக் கூடாது, சோதித்துத்தான் நம்ப வேண்டும் என்பது பாடம். தேடும் நிரலை மறுபடி ஓட்டினாள். மூன்று தலைகள் அவள் முதுகுக்குப் பின்னால் வந்து குவிந்தன.

"என்னைத் தேடு," என்றார் அய்யாவு அங்கிள்.

"இல்லை அங்கிள்."

"நல்லா பாரு. மீசையோட இருப்பேன்."

"நீங்க இல்லவே இல்லை அங்கிள்."

"வீரம்மா?" இது சந்திரகலா ஆன்டி.

"இல்லை."

சந்திரகலா ஆன்டி சங்கத்தின் பெரிய பேரேட்டை எடுத்து வந்து பெயர் பெயராக வாசிக்கவே ஆரம்பித்துவிட்டார். தேவையே இல்லை, திரையில் கோப்புகள் பூஜ்யம் என்று பெரிதாகத்தான் எழுதியிருந்தது. ஆனாலும் வாணி தடுக்கவில்லை. தனேஷ், நல்லம்மாள், விமலன் என்று வரிசையாக வர, "இல்லை, இல்லை" என்று ஒவ்வொருவருக்கும் பதில் சொன்னாள். நாலாவது பெயரிலிருந்து ஷபானாவும் சேர்ந்து சொன்னாள். பத்தாவது பெயருக்குள் அய்யாவு அங்கிளின் துறைமுகத் தொண்டையும் சேர்ந்துகொண்டது. தெருவில் போன யாரோ நின்று, போர்ச்சில் என்ன ஏலம் நடக்கிறது என்று எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

விண்டோஸ் ஏறி முடிந்தபோது மணி ஆறு இரண்டு. அய்யாவு அங்கிள் மடிக்கணினியை இரண்டு கையாலும் எடுத்தார். கொஞ்சம் யோசித்தார். பிறகு அதை வாணியின் கையில் கொடுத்தார்.

"நீயே குடும்மா."

வாணி கொடுத்தாள். ஷபானா அங்கேயே திறந்தாள், கீல் தளர்ந்தது நினைவிருந்து இரண்டு கையாலும். உங்கள் பெயர் என்ன என்று திரை கேட்டது. அதற்கு முன்பு யாரையுமே அறியாததுபோல் கேட்டது. ஷபானா தன் பெயரைத் தட்டினாள். ஓர் எழுத்து விழவில்லை. மறுபடி அழுத்தினாள், விழுந்தது.

அவள் தெருமுனை திரும்பும்வரை மூன்று பேரும் வாசலில் நின்று பார்த்தார்கள்.

"வாணி," என்றார் அய்யாவு அங்கிள், தொண்டையைச் செருமிக்கொண்டு, "புதுசுலயும் இதே ஐசி நகலையெல்லாம்தானே ஏத்தப் போறோம்?"

"இல்லை அங்கிள். நகல் வேண்டாம். பேரும் எண்ணும் போதும். அதுவும் பூட்டித்தான் வைக்கணும்."

"கமிட்டியில ஒத்துக்க மாட்டாங்களே. வர ஞாயித்துக்கிழமை கூட்டத்துல யாராவது எடுத்துச் சொன்னாத்தான் ஆவும்." அவர் சந்திரகலா ஆன்டியைப் பார்த்தார். சந்திரகலா ஆன்டி வாணியைப் பார்த்தார்.

"நான் சொல்றேன்," என்றாள் வாணி.

"மைக் ஏற்பாடு பண்ணட்டுமா?"

"வேண்டாம் அங்கிள். கேட்கும்."